கொக்கின் மேல் ஒரு சிவப்பு வட்டம்

அந்த அச்சகத்தில் அவளுக்குப் பெயர் ரிஜெக்ட் அக்கா. பிஸ்கட் பெட்டி, மாத்திரைப் பெட்டி, சோப்பு உறை என்று எது அச்சாகி வந்தாலும் அவள் மேசையைத் தொடாமல் வெளியே போகாது. மேசைக்கு நேர் மேலே ஒரு வெள்ளை விளக்கு. அதன் கீழே தாளை விரித்து, கண்ணில் லென்ஸை வைத்துக் குனிவாள். மயிரிழை அளவுக்கு நிறம் கோட்டைத் தாண்டியிருந்தால் போதும், சட்டைப்பையிலிருந்து சிவப்பு மெழுகுப் பென்சில் வெளியே வரும். ஒரு வட்டம், பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி. மெஷினை நிறுத்திவிட்டு ஆபரேட்டர் கையைப் பிசைந்துகொண்டு வந்து நிற்க வேண்டியதுதான். கெஞ்சினால் மசிய மாட்டாள். முதலாளியே இறங்கி வந்து, வாங்குகிறவனுக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது என்று கேட்டபோதுகூட, எனக்குத் தெரிகிறதே என்று சொல்லிவிட்டு அடுத்த தாளை எடுத்தாள்.

கெட்ட மனுஷி இல்லை. கண் அப்படி அமைந்துவிட்டது. சாப்பிடப் போன இடத்தில் விலைப்பட்டியல் அட்டையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடிப்பாள். யாராவது கல்யாணப் பத்திரிகை கொடுத்தால், மாப்பிள்ளை யார் பெண் யார் என்று பார்ப்பதற்கு முன்னால் தங்க மை சரியாக ஒட்டியிருக்கிறதா என்று நகத்தால் சுரண்டுவாள். அவள் புருஷன் லிஃப்ட் மெக்கானிக். நாள் முழுக்க ஏறி இறங்குகிற மனிதன், வாயும் ஓரிடத்தில் நிற்காது. தன்னைக் கட்டிக்கொண்ட அன்றைக்கு அவளுடைய லென்ஸ் ரிப்பேரில் இருந்திருக்க வேண்டும் என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிவான்.

சிக்கல் அவளுடைய தம்பி விஷயத்தில்தான். அதே அச்சகத்தில் மை கலக்குகிற வேலை. அக்கா வீட்டு மாடியில் குடியிருந்தான், நாற்பதைத் தாண்டிவிட்டான், கல்யாணம் ஆகவில்லை. வந்த இடங்களையெல்லாம் அக்காதான் போய்ப் பார்த்தாள். ஒருத்தி சிரித்தால் பக்கத்துத் தெருவுக்குக் கேட்கிறது. இன்னொருத்தி பேசும்போது முகத்தைப் பார்க்காமல் செருப்பைப் பார்க்கிறாள். மற்றொருத்தியிடம் குறையே இல்லை, அதுதான் சந்தேகமாக இருக்கிறது. தம்பி மாடிப்படி ஏறிப் போய்விடுவான். அவன் ஏறுகிற சத்தம் வருஷத்துக்கு வருஷம் கனத்துக்கொண்டே வந்தது. அது அக்காவுக்கும் கேட்காமல் இல்லை.

இந்த முறை அவன் அபிப்பிராயம் கேட்க வரவில்லை, தகவல் சொல்ல வந்தான். பாலத்துக்கு அந்தப் பக்கம் படங்களுக்குச் சட்டம் போடுகிற கடை வைத்திருப்பவளைக் கட்டிக்கொள்ளப் போகிறானாம். அவளும் இவன் வயதுதான். சொந்தக் கடை, சொந்தப் புத்தி. அக்காவைப் பற்றி இவன் ஒன்றுவிடாமல் சொல்லியிருக்கிறான். அதற்கு அவள், எழுந்தால் உட்கார்ந்தால் எடை போடுகிற வீட்டில் தன்னால் இருக்க முடியாது, ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கிறேன், பார்த்த பிறகு சொல்கிறேன் என்றிருக்கிறாள்.

"அவளை நீ பாக்க வேணாம்னு சொல்லலக்கா. நல்லாப் பாரு," என்றான் தம்பி. "குறை கண்டுபிடிச்சா உன்னோடயே வச்சுக்க. இது போச்சுன்னா எனக்கு இன்னொண்ணு வேணாம்."

அவன் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் அக்கா பதிலுக்கு நாலு வார்த்தை சொல்லியிருப்பாள். ஞாயிற்றுக்கிழமைக்கு முன்பே லென்ஸை அச்சகத்தில் பூட்டிவிட்டு வந்துவிடுவதாகப் புருஷனிடம் சொன்னாள். கண்ணை எங்கே வைத்துப் பூட்டுவாய் என்று அவன் கேட்டான்.

சட்டக்கடைக்காரிக்கு ஒரு பழக்கம் உண்டு. படத்தை வாங்கி அளவெடுத்து உடனே சட்டம் வெட்டித் தரமாட்டாள். சட்டம் இல்லாத வெறும் படம் சில நாள் அந்த வீட்டில் கிடக்க வேண்டும். எந்தச் சுவரில் எந்த வேளைக்கு வெளிச்சம் விழுகிறது, வீட்டிலிருப்பவர்கள் நின்று பார்க்கிறார்களா நடந்துகொண்டே பார்க்கிறார்களா என்று கேட்டுத் தெரிந்த பிறகுதான் மரத்தில் ரம்பம் வைப்பாள். அந்தக் கணக்கில், தன்னிடம் இருந்ததிலேயே தனக்கு மிகவும் பிடித்த படத்தைத் தம்பியிடம் கொடுத்தனுப்பினாள். ஞாயிற்றுக்கிழமை வரும்போது எந்தச் சுவர் என்று சொல்லுங்கள், எல்லாம் சரிவந்தால் அங்கே மாட்டலாம் என்பது ஏற்பாடு. ஜப்பானில் மரப்பலகையில் செதுக்கி அச்சடித்த பழைய படம். நீண்டு ஒடுங்கிய தாள். தண்ணீரில் ஒரு வெள்ளைக் கொக்கு ஒற்றைக் காலில் நிற்கும். அதன் பின்னால் வாள்போல நீண்ட இலைகளும் ஊதாப்பூக்களும். மேலே இருண்டு, கீழே வர வர வெளுத்துக் கரைந்துபோகும் நீல வானம்.

தம்பி அதை ஓர் அட்டை உறையில் வைத்துக் கீழ்வீட்டுச் சாப்பாட்டு மேசைமேல் வைத்தான். அத்தானிடம் விவரம் சொன்னான். அக்கா வந்ததும் சொல்லிவிடுங்கள் என்றான், வேலைக்குப் போய்விட்டான். அத்தான் அதைச் சொல்லவேண்டிய நேரத்தில் பக்கத்துக் கட்டடத்தில் இரண்டு மாடிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்ட யாரையோ இறக்கிக்கொண்டிருந்தான்.

மதியம் அக்கா வீட்டுக்குள் நுழைந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, போன் அடித்தது. அச்சகத்தில் உதட்டுச்சாயப் பெட்டி ஓடிக்கொண்டிருந்தது, சிவப்பு ஒரு பக்கமாக நகர்கிறது, இப்படியே ஓட்டலாமா என்று புது ஆபரேட்டர் கேட்டான். ஓட்டலாமாவா? அக்காவுக்கு எங்கிருந்துதான் வந்ததோ கோபம். மேசையைச் சுற்றி நடந்துகொண்டே அவனைக் காய்ச்சி எடுத்தாள். பேச்சுவாக்கில் இடது கை உறையைத் திறந்தது. உள்ளே அச்சடித்த தாள். அச்சடித்த தாளைக் கண்டால் அந்தக் கைக்கு வேறு வேலை தெரியாது. கண்ணும் அதன் பாட்டுக்குப் பார்த்தது. ஊதாப்பூவின் நிறம் கோட்டைத் தாண்டியிருக்கிறது, ஒரு வட்டம். வானத்தில் நீலம் வரிவரியாக விழுந்திருக்கிறது, இன்னொரு வட்டம். பறவையின் உடம்பில் மையே விழவில்லை, பெரிய வட்டம். பக்கத்தில் பெருக்கல் குறி.

போனை வைத்தாள். கையில் பென்சில் இருந்தது.

மேசையைப் பார்த்தாள். அப்போதுதான் இது உதட்டுச்சாயப் பெட்டி இல்லை என்று புத்திக்கு எட்டியது. படம் ஒன்று வரும் என்று முந்தின நாள் தம்பி சொன்னதும் நினைவுக்கு வந்தது. நின்றபடியே நாற்காலியைத் தேடினாள்.

புருஷன் வந்து பார்த்தபோது சட்டை முனையை எச்சில் தொட்டு ஈரமாக்கிக்கொண்டிருந்தாள். அவன் ஒரே தாவலில் அவள் மணிக்கட்டைப் பிடித்தான். பிறகு படத்தைப் பார்த்தான். தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடியும் பார்த்தான்.

"கொக்கு வெள்ளையாத்தான்டி இருக்கும்," என்றான்.

சாயங்காலம் தம்பி வந்தான். அக்கா மறைக்கவில்லை, உறையைத் திறந்து அவன் முன்னால் வைத்தாள். போன் வந்தது, கை தானாகப் போனது என்று உள்ளதைச் சொன்னாள். அவன் கத்துவான் என்று எதிர்பார்த்தாள். கத்தினால் தேவலை என்றுகூட நினைத்தாள். அவன் மாடிப்படியின் கடைசிப் படியில் உட்கார்ந்து ஷூ கயிற்றை அவிழ்த்தான், மறுபடி கட்டினான்.

"அவகிட்ட நீயே சொல்லு," என்றான். "எனக்கு வாய் வராது."

மறுநாள் அக்கா லீவு போட்டாள். அவள் லீவு போட்டதைக் கேட்டு அச்சகத்தில் யாரோ இனிப்பு வாங்கிக் கொடுத்ததாகப் பிற்பாடு தெரியவந்தது.

லீவு போட்டது அழுவதற்கு இல்லை. ஒரு தாளை நிராகரித்தால் காரணம் சொல்லியாக வேண்டும், அது அவள் தொழிலின் விதி. சட்டக்கடைக்காரி என்ன குறை கண்டாய் என்று கேட்டால் ஒழுங்காகப் பதில் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் காலையில் உறையைத் திறந்தாள். மேசை இருட்டாக இருந்தது. தாளின் இரண்டு ஓரங்களையும் விரல் நுனியில் பிடித்து, நடுவில் தொட்டில்போலத் தொய்யவிட்டு, அச்சகத்தில் எல்லோரும் தூக்குகிற மாதிரியே தூக்கிக்கொண்டு ஜன்னலுக்குப் போனாள்.

ஜன்னலில் வெயில் பக்கவாட்டில் விழுந்துகொண்டிருந்தது. தாளைத் திருப்பினாள். வெளிச்சம் கொக்கின் உடம்பின் மேல் வழுக்கிக்கொண்டு போனது. போன இடமெல்லாம் இறகு முளைத்தது.

அக்கா தாளைப் பின்னால் சாய்த்தாள், இறகுகள் மறைந்து வெறும் வெள்ளைத் தாள் ஆனது. முன்னால் சாய்த்தாள், கழுத்திலிருந்து வால் வரை ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. மார்பில் மெல்லிய மயிர்ச்சிலிர்ப்பு, தோளில் அகலமான இறகுகள், ஒவ்வொரு இறகுக்கும் நடுத்தண்டு. மை தொடாமல், பலகையில் இறகைச் செதுக்கி, அதன் மேல் தாளை வைத்து அழுத்தி எழுப்பியிருக்கிறான் எவனோ. மை விழவில்லை என்று அவள் வட்டம் போட்ட இடத்தில்தான் படத்திலேயே அதிக வேலை நடந்திருந்தது.

இதில் அவளுக்கு உறைத்தது என்னவென்றால், இந்த வேலை அவளுக்குத் தெரியும். விலை உயர்ந்த வாசனைத் திரவியப் பெட்டிகளில் பெயரை இப்படித்தான் மையில்லாமல் புடைக்க வைப்பார்கள். ஆனால் அதைச் சோதிப்பது அவள் மேசை இல்லை, வேறு பிரிவு. அவள் விளக்கு நேர் மேலே எரிவது. நேர் மேலிருந்து விழும் வெளிச்சத்தில் மேடும் தெரியாது, பள்ளமும் தெரியாது. அவள் பாதி வாழ்க்கையை அந்த விளக்கின் கீழேதான் கழித்திருந்தாள்.

அடுத்து வானம். வரிவரியாக நீலம் விழுந்திருப்பது ரோலர் தேய்மானம் என்று நினைத்திருந்தாள். ரோலர் ஏது அங்கே? இன்னும் பூட்டி வைக்காத லென்ஸை வைத்துப் பார்த்தாள். வரிகள் வளைந்தன, ஓரிடத்தில் ஒரு கண்ணைச் சுற்றிக்கொண்டு போவதுபோலச் சுழன்றன. மரம். பலகைக்குள் இருந்த மரத்தின் ரேகை அப்படியே வானத்தில் ஏறி, காற்றாக ஓடிக்கொண்டிருந்தது. இருட்டு நீலம் வெளுப்பாகக் கரைகிற இடத்தில் எங்கே ஒன்று முடிந்து இன்னொன்று தொடங்குகிறது என்று கண்டுபிடிக்க முயன்றாள். முடியவில்லை. கண்டுபிடிக்க முடியாத ஓர் இடம் அச்சில் இருப்பது அவளுக்குப் புதிது. சிரிப்பு வந்தது.

குளியலறை வாசலில் நின்று புருஷனைக் கூப்பிட்டாள். அவன் முகத்தில் பாதி நுரையோடு ஓடிவந்தான், இன்னொரு வட்டம் போட்டுவிட்டாள் என்றே நினைத்தான். அவள் அவனை ஜன்னலோரம் நிறுத்தி, நுரை சொட்டாமல் கையைப் பின்னால் கட்டச் சொல்லி, தாளை மெதுவாகச் சாய்த்தாள். அவன் பார்த்தான். இன்னொரு தடவை சாய்க்கச் சொன்னான். இன்னொரு தடவை. கொக்கு மூச்சு விடுகிறது என்றான், அப்புறம் தான் சொன்னதை நினைத்து வெட்கப்பட்டு, ஷேவ் செய்யப் போய்விட்டான். கொஞ்ச நேரத்தில் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தான். ஒற்றைக் காலின் கீழே தண்ணீர் நெளிவு ஒரே கோட்டில் இருப்பதை அவன்தான் முதலில் கண்டான்.

பகல் ஏற ஏற வெளிச்சம் நகர்ந்தது. அக்காவும் கூடவே நகர்ந்தாள். அடுப்பை மறந்தாள். ஒரு பூவின் மடிப்பில் இரண்டு ஊதா ஒன்றின் மேல் ஒன்று விழுந்து மூன்றாவது நிறம் பிறந்திருந்தது, அதைப் பார்த்துத் தம்பியை நினைத்தாள். அவன் சும்மா ஒன்றும் இந்தப் படத்தில் மயங்கியிருக்க மாட்டான். இதையெல்லாம் யாரிடமாவது சொல்லியே ஆக வேண்டும்போல இருந்தது. புருஷன் வேலைக்குப் போய்விட்டான். இது புரிகிற ஒரே ஆள் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருந்தாள். மன்னிப்புக் கேட்க வேண்டிய ஆளும் அவள்தான். இரண்டும் ஒரே இடத்தில் இருந்தது ஒருவிதத்தில் வசதி.

கடை சின்னது. மரத்தூளும் பசையும் மணத்தன. சுவர் முழுக்க சட்டங்களின் மூலைகள் மட்டும் வரிசையாக ஆணியில் தொங்கின. சட்டக்கடைக்காரி கொண்டையில் ஒரு பென்சிலைச் செருகிக்கொண்டு கண்ணாடி வெட்டிக்கொண்டிருந்தாள். கண்ணாடி கீறின கோட்டில் இரண்டாகப் பிரிகிற வரை நிமிரவில்லை. அது அக்காவுக்குப் பிடித்திருந்தது.

நான் இன்னாருடைய அக்கா என்று சொல்லிவிட்டு உறையை மேசைமேல் வைத்தாள். சட்டக்கடைக்காரி கையைத் துடைத்துக்கொண்டு திறந்தாள். திறந்தபடியே நின்றாள்.

"யாரு பண்ணது?"

"நான்தான். போன் பேசிக்கிட்டே பண்ணிட்டேன். அச்சடிச்ச தாளைப் பாத்தா என் கை அப்படித்தான் போகும். மன்னிப்புக் கேக்கணும், கேக்கறேன்." அக்கா அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் காலையிலிருந்து சேர்ந்தது உள்ளே நிற்கவில்லை. "இந்தப் பெரிய வட்டம் தப்பு, வாபஸ். மை விழலைன்னு நெனச்சேன். சாய்ச்சுப் பாத்தா கழுத்துலேருந்து வால் வரைக்கும் இறகு. மேல இருக்கிற வட்டமும் வாபஸ், அது மரத்தோட வரி. அதை வேணும்னே காட்டியிருக்கான்."

சட்டக்கடைக்காரி நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். "அப்ப இது?" என்று பூவின் மேலிருந்த வட்டத்தைக் காட்டினாள்.

அக்காவுக்குத் தம்பியின் முகம் வந்து போனது. இதையும் வாபஸ் என்று சொன்னால் காரியம் முடிந்துவிடும். அவள் மறுபடியும் பூவைப் பார்த்தாள்.

"அது தப்புதான்," என்றாள். "நிறம் கோட்டைத் தாண்டியிருக்கு. யார் அச்சடிச்சிருந்தாலும் தப்புதான். அதை என்னால நல்லாருக்குன்னு சொல்ல முடியாது."

சட்டக்கடைக்காரி மேசைமேல் இரண்டு கைகளையும் ஊன்றித் தலையைக் குனிந்துகொண்டாள். தோள் குலுங்கியது. போச்சு, அழுகிறாள் என்று அக்கா நினைத்தாள். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். சத்தமே வராத சிரிப்பு, கண்ணில் தண்ணீர் வருகிற சிரிப்பு.

சிரிப்பு அடங்கியதும் பென்சிலைக் கொண்டையிலிருந்து உருவி, படத்தின் ஓரத்தில் கையெழுத்துக்குக் கீழே இருந்த ஒரு சின்ன வட்ட முத்திரையைக் காட்டினாள். அந்தக் காலத்தில் அங்கே படத்தை அச்சிட்டு விற்பதற்கு முன்னால் அரசாங்க ஆளிடம் சோதனைக்குக் காட்ட வேண்டும், சரி என்றால் இந்த முத்திரை விழும் என்றாள். படத்தில் வில்லங்கமாக ஏதாவது இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள், நிறத்தையெல்லாம் பார்க்க மாட்டார்கள்.

"இவரு பாஸ் பண்ணிட்டாரு. நீங்க இப்ப ரிஜெக்ட் பண்ணியிருக்கீங்க."

அக்கா லென்ஸை எடுத்து அந்த முத்திரையை நெடுநேரம் பார்த்தாள். எங்கோ, எப்போதோ, எவனோ ஒரு செக்கிங்காரன். அவனுக்கும் கழுத்து வலித்திருக்கும். "நிறத்தையும் பாக்கச் சொல்லியிருக்கணும்," என்றாள்.

பூ விஷயத்தில் நீங்கள் சொல்வது சரிதான் என்று சட்டக்கடைக்காரி ஒப்புக்கொண்டாள். அதே பலகையில் அடித்து அடித்து, பலகை தேய்ந்த பிறகு அவசரமாக எடுத்த தாள்களில் ஒன்றாக இருக்கும். வாங்கும்போதே தனக்குத் தெரியும். அந்தச் சறுக்கலால்தான் பூ காற்றில் ஆடுவதுபோல இருக்கிறது என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டு வாங்கினாளாம். காற்றெல்லாம் இல்லை, சறுக்கல்தான் என்றாள் அக்கா. இல்லை, இரண்டும்தான் என்றாள் அவள். ஆளுக்கொரு பக்கம் தாளைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் வாதாடினார்கள். ஒருத்தி முகத்தை இன்னொருத்தி பார்க்கவில்லை, இரண்டு பேர் கண்ணும் பூவின் மேலேயே இருந்தது.

"எனக்குக் கோபம் இல்லைன்னு நெனச்சுக்காதீங்க," என்றாள் சட்டக்கடைக்காரி. "நிறைய இருக்கு. நாளைக்கும் இருக்கும். கல்யாணத்துக்கு முன்னாடியே நாத்தனார் வேலையைக் காட்டிட்டீங்க."

"காட்டிட்டேன்," என்றாள் அக்கா.

"தாளைப் பழுது பாக்கறவங்க ஒருத்தர் இருக்காங்க. மெழுகை முழுசா எடுக்க முடியாது, முக்கால்வாசி எடுப்பாங்க. வாபஸ் வாங்கின ரெண்டையும் எடுக்கச் சொல்றேன். பூ மேல இருக்கிறது இருக்கட்டும்." பென்சிலை மறுபடி கொண்டையில் செருகினாள். "எல்லாரும் பாத்துட்டு அழகா இருக்குன்னு சொல்லிட்டுத் தாண்டிப் போயிடுவாங்க. உங்க தம்பியும் அதையேதான் சொன்னாரு. அந்த இறகை நான் காட்டாம கண்டுபிடிச்ச மொத ஆள் நீங்கதான். எந்தச் சுவர்ல மாட்டலாம்?"

"மாடிப்படி ஜன்னலுக்கு எதிர்ல. காலைல பக்கவாட்டுல வெயில் வரும்." சொல்லிவிட்டு அக்கா திருத்தினாள். "நேரா வெயில் பட்டா நிறம் போயிடும். ஒரு அடி தள்ளி மாட்டணும்."

"ஒரு அடி தள்ளி," என்றாள் அவள். அதை அக்கா கல்யாணத்துக்குச் சம்மதம் என்ற பதிலாக எடுத்துக்கொண்டாள். வேறு எப்படி எடுத்துக்கொள்வது?

அதற்குப் பிறகு சட்டக்கடைக்காரி கதவைப் பூட்டவில்லை, கடை மூடியிருக்கிறது என்று வாசல் பலகையை மட்டும் திருப்பிப் போட்டாள். தட்டையான பெரிய இழுப்பறை ஒன்றைத் திறந்தாள். உள்ளே இன்னும் தாள்கள். பனியில் குளிர்ந்து பந்தாகிப்போன ஒரு குருவி. தினைக்கதிருக்குக் கீழே ஒரு காடை, அதன் முதுகுப் புள்ளிகளில் பழுப்பு மட்டுமே இத்தனை வகையா என்று அக்கா விரல்விட்டு எண்ணினாள். தலைகீழாகப் பாய்கிற மீன்கொத்தி ஒன்று, நீலப் பூக்களுக்கு நடுவே அது எங்கே முடிகிறது பூ எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல். கடைக்குள் வெளிச்சம் போதவில்லை என்று இரண்டு பேரும் ஒவ்வொன்றாக வாசலுக்கு எடுத்துக்கொண்டு வந்தார்கள். அக்கா ஓரங்களைப் பிடிக்கும் விதத்தைப் பார்த்து, பயப்பட வேண்டியதில்லை என்று சட்டக்கடைக்காரி முடிவு செய்தாள். ஆனாலும் சட்டைப்பையிலிருந்த பென்சிலை முதலிலேயே வாங்கி உள்ளே வைத்துவிட்டாள்.

வேலை முடிந்து தம்பி வந்தபோது வெயில் தெருவில் நீளமாகச் சாய்ந்திருந்தது. என்ன நடந்திருக்கும் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்திருந்தான். அத்தானும் பின்னாலேயே வந்திருந்தான். யாராவது அடித்துக்கொண்டால் விலக்கிவிட ஓர் ஆள் வேண்டும் என்று தானாகக் கிளம்பியவன். கடை வாசலில் அக்காவும் அவளும் தோளோடு தோள் ஒட்டிக் குனிந்து, ஒரு தாளை மேற்கே பார்த்துச் சாய்த்துக்கொண்டிருந்தார்கள். அக்கா, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று அதட்டிக்கொண்டிருந்தாள். மற்றவள், அவசரப்படாதீங்க, வரும், என்றாள்.

தம்பி தொண்டையைச் செருமினான். இரண்டு பேரும் நிமிரவில்லை.

"என்னக்கா ஆச்சு?" என்றான்.

"நிழல் விழுது, தள்ளி நில்லு," என்றாள் அக்கா.

சட்டக்கடைக்காரி ஒரு கையை மட்டும் நீட்டி அவன் சட்டையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தாள். "இந்த மூலையைப் பிடிங்க. ஈரக் கையா? துடைச்சுட்டுப் பிடிங்க," என்றாள்.

அவன் கையைச் சட்டையில் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான். பிறகு மூலையைப் பிடித்தான். வெயில் தாளின் மேல் ஏறியது, வெண்மையிலிருந்து ஒரு மயிலின் கழுத்து மெல்ல எழுந்து வந்தது. அத்தான் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, யாராவது தனக்கும் கொஞ்சம் இடம் விடுவார்களா என்று கேட்டான்.